சுருள் நாடா ஒலிப்பதிவுக் கருவிகளில் பதிவுக் குறைபாடுகள்

சுருள் நாடா ஒலிப்பதிவுக் கருவிகளில் பதிவுக் குறைபாடுகள் என்பன, திறந்த சுருள்களில் சுற்றப்பட்ட காந்த நாடாவில் ஒலியைப் பதியும் பழைய கருவிகளில் பதியும் வேளையில் ஏற்படும் பிழைகள் ஆகும். இக்கருவி பேச்சு வழக்கில் ஸ்பூல் டேப் ரெக்கார்டர் எனப்படுகிறது. பதிந்த ஒலியைத் திரும்பக் கேட்பது ஒலிமீட்பு ஆகும். ஒலிமீட்பில் ஏற்படும் பிழை கருவியைச் சீர்செய்ததும் நீங்கிவிடும். பதிவில் ஏற்படும் பிழையோ நாடாவிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே ஒரு பிழை நாடாவில் உள்ளதா, கருவியில் உள்ளதா என்று பிரித்தறிவதே இக்கருவிகளைச் சீர்செய்வதில் முதன்மையான பணியாகும்.

பின்னணி

டென்மார்க்கைச் சேர்ந்த வால்டெமர் பவுல்சன் 1898இல் எஃகுக் கம்பியில் காந்த முறையில் ஒலியைப் பதிந்தார். 1928இல் பிரிட்ஸ் புளூமர் என்பவர் காந்தத் துகள் பூசிய தாள் நாடாவுக்குச் செருமனியில் காப்புரிமை பெற்றார். இதன் அடிப்படையில் ஏ.ஈ.ஜி. நிறுவனம் உருவாக்கிய மேக்னட்டோபோன் என்னும் கருவி 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகமானது. இதற்கான நாடாவை பி.ஏ.எஸ்.எஃப். தொழிற்சாலை தயாரித்தது. 1940இல் வால்ட்டர் வெபர் உயர் அதிர்வெண் பயாஸ் முறையைக் கண்டறிந்த பின்னர் நாடாவின் ஒலித்தரம் பெரிதும் உயர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் இத்தகைய கருவிகளைத் தயாரிக்கத் தொடங்கியது.

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் வானொலி நிலையங்களிலும் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களிலும் நாடாவே முதன்மையான பதிவு ஊடகமாக விளங்கியது. கச்சேரிகள், சொற்பொழிவுகள், நாடகங்கள், குடும்ப நிகழ்வுகள் எனப் பலவும் சுருள் நாடாவில் பதியப்பட்டன. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒலிப்பேழை, அதாவது கேசட், காலப்போக்கில் வீடுகளில் சுருள் நாடாவின் இடத்தைப் பிடித்தது. கிரண்டிக், பிலிப்ஸ், அகாய், ரெவாக்ஸ், ஊகர், நாக்ரா முதலியவை பரவலாக அறியப்பட்ட சுருள் நாடாக் கருவி வகைகள் ஆகும்.

பதிவு நடைபெறும் முறை

வீட்டுக் கருவிகளில் பயன்படும் நாடா ஏறத்தாழ 6.3 மில்லிமீட்டர் அகலமுடையது. கேப்ஸ்டன் எனப்படும் சுழலும் தண்டுக்கும் ரப்பர் அழுத்துருளைக்கும் இடையே சிக்கி, நாடா சீரான வேகத்தில் நகர்கிறது. வழக்கமான வேகங்கள் நொடிக்கு 4.76, 9.53, 19.05 சென்டிமீட்டர் ஆகும். தொழில்முறைக் கருவிகளில் 38.1 சென்டிமீட்டர் வேகமும் உண்டு.

பேச்சு வழக்கில் ஹெட் எனப்படும் காந்தத் தலைகள் மூன்று பணிகளைச் செய்கின்றன. நாடா முதலில் அழிப்புத் தலையையும், அடுத்துப் பதிவுத் தலையையும், இறுதியில் மீட்புத் தலையையும் கடந்து செல்கிறது. விலை குறைந்த கருவிகளில் பதிவுக்கும் மீட்புக்கும் ஒரே தலை பயன்படுகிறது. மூன்று தலைகள் கொண்ட கருவியில், பதியும்போதே நாடாவில் பதிவான ஒலியைக் கேட்க இயலும்.

காந்தத் துகள்கள் சிறிய மின்குறிகைக்குச் சீராக இசைவதில்லை. இதனை ஈடுசெய்ய, செவிக்குக் கேளாத உயர் அதிர்வெண் மின்னோட்டம் ஒலிக்குறிகையுடன் சேர்த்துப் பதிவுத் தலைக்கு அனுப்பப்படுகிறது. இதுவே பயாஸ் ஆகும். இதன் அதிர்வெண் பெரும்பாலும் 50 முதல் 150 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கும். இதனை உருவாக்கும் அலையியற்றியே வழக்கமாக அழிப்புத் தலைக்கும் மின்னோட்டம் அளிக்கிறது. ஒரே அலையியற்றி இரு பணிகளைச் செய்வது குறைபாட்டின் இடத்தைக் கண்டறியப் பெரிதும் உதவுகிறது.

குறைபாட்டின் இடத்தைக் கண்டறிதல்

கேசட்டில் பதிவைத் தடுக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டு உண்டு. சுருள் நாடாவில் அத்தகைய காப்பு எதுவும் இல்லை. பழுதான கருவியில் இடப்படும் நாடா ஒரே நொடியில் அழியக்கூடும். ஆகவே கீழ்க்கண்ட சோதனைகள் இழந்தாலும் கவலையில்லாத நாடாவில் மட்டுமே செய்யப்பட வேண்டும்.

1. வேறு ஒரு நல்ல கருவியில் பதிந்த நாடாவை இக்கருவியில் ஒலிக்கச் செய்தல். ஒலி சரியில்லை என்றால் முதலில் ஒலிமீட்புப் பகுதியையே ஆராய வேண்டும். அது சீராகும் வரை பதிவைப் பற்றி எந்த முடிவுக்கும் வர இயலாது.
2. ஒலியளவுக் குமிழைச் சுழியில் வைத்து, ஏற்கனவே ஒலி பதிந்த நாடாவின் மீது பதிதல். முன்னைய ஒலி முழுவதும் மறைந்தால் அழிப்புத் தலையும் அலையியற்றியும் இயங்குகின்றன எனக் கொள்ளலாம்.
3. வெற்று நாடாவில் பதிந்து, பதிவு அளவுகாட்டி அசைகிறதா எனக் கவனித்தல். பழைய வால்வுக் கருவிகளில் அளவுகாட்டியாகப் பச்சை ஒளி வீசும் மாயக்கண் குழல் இருக்கும். அளவுகாட்டி அசைந்தால், அது இணைக்கப்பட்டுள்ள இடம் வரை ஒலிக்குறிகை வந்து சேர்கிறது.
4. இக்கருவியில் பதிந்த நாடாவை வேறொரு கருவியில் ஒலிக்கச் செய்தல். வேகப் பிழையும் தலைச் சாய்வுப் பிழையும் இச்சோதனையில் தெளிவாகத் தெரியும். தன் பிழையோடு பதியும் கருவி, அதே பிழையோடு மீட்பதால், தன் பதிவைத் தானே சரியாக ஒலிக்கச் செய்துவிடும்.

பொதுவான குறைபாடுகள்

முன்னைய பதிவு அழியாமை

முன்னைய ஒலி அழியாமலும், புதிய ஒலி மெலிந்து கரகரப்பாகவும் பதிவானால், அலையியற்றி இயங்கவில்லை என ஐயுறலாம். முன்னைய ஒலி அழிந்து, புதிய ஒலி மட்டும் பதிவாகாவிட்டால், பதிவுப் பெருக்கி, பதிவுத் தலைக்குச் செல்லும் இணைப்பு, ஆளித் தொடுகை ஆகியவற்றுள் ஒன்றில் பழுது இருக்கும். அழிப்பு நன்றாக நடந்து, புதிய ஒலி கரகரப்பாக மட்டும் இருந்தால், பயாஸ் மின்னோட்டம் பதிவுத் தலையை அடையும் வழியை ஆராய வேண்டும்.

வால்வு பயன்படுத்தும் பல வீட்டுக் கருவிகளில், மீட்பின்போது ஒலிபெருக்கியை இயக்கும் வால்வே பதிவின்போது அலையியற்றியாக மாறுகிறது. அத்தகைய கருவியில் மீட்பு ஒலி உரக்கக் கேட்டால் அவ்வால்வு உயிருடன் உள்ளது எனக் கொள்ளலாம். அப்போது பழுது அலையியற்றிச் சுருளிலோ ஆளியிலோ இருக்க வாய்ப்பு மிகுதி.

பதிவு–மீட்பு ஆளி நீண்ட சறுக்கு வகையைச் சேர்ந்தது. அதில் பல தொடுகைகள் உள்ளன. அவற்றில் படியும் ஆக்சைடு, பழைய கருவிகளில் மிகப் பரவலான பழுதாகும். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு ஆளியை இருபது முறை முன்னும் பின்னும் அசைத்ததும் பதிவு திரும்பினால் காரணம் உறுதியாகிறது. பின்னர் தொடுகைகளைத் துப்புரவு செய்வதே நிலையான தீர்வு ஆகும்.

மங்கிய ஒலி

உயர் அதிர்வெண்கள் குறைந்து ஒலி மங்கிப் பதிவானால், முதலில் தலையில் படிந்த அழுக்கையே ஐயுற வேண்டும். நொடிக்கு 9.53 சென்டிமீட்டர் வேகத்தில் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை, நாடாவில் 9.53 மைக்ரோமீட்டர் நீளத்தையே பிடிக்கிறது. மீட்பின்போது நாடாவுக்கும் தலைக்கும் இடையே ஓர் அலைநீள இடைவெளி ஏற்பட்டால் ஒலி ஏறத்தாழ 55 டெசிபெல் குறையும். இக்கணக்கின்படி, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள தூசுப் படலம் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ 5.7 டெசிபெல் குறைத்துவிடுகிறது. நொடிக்கு 19.05 சென்டிமீட்டர் வேகத்தில் இவ்விழப்பு பாதியாகும். பதிவின்போதும் இதனையொத்த இழப்பு ஏற்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத அழுக்கும் பதிவைக் கெடுக்கும் என்பதற்கு இதுவே காரணம்.

தேய்ந்த தலை, நாடாவைத் தலையோடு அழுத்தும் பஞ்சுத் துண்டு உதிர்தல், தலையின் சாய்வு மாறுதல், தேவைக்கு மிகுந்த பயாஸ் ஆகியவையும் ஒலியை மங்கச் செய்யும். பயாஸ் குறைந்தால் இதற்கு மாறாக உயர் அதிர்வெண்கள் கூடி ஒலிக்கும். ஆனால் ஒலி சிதைந்து கரகரக்கும். பழைய வகை நாடாவுக்கென அமைக்கப்பட்ட கருவியில் பிற்கால உயர்திறன் நாடாவைப் பயன்படுத்தும்போது இந்நிலை தோன்றலாம். அப்போது கருவியில் பழுது ஏதும் இல்லை. நாடாவுக்கு ஏற்பப் பயாஸ் அமைக்கப்படவில்லை என்பதே பொருள்.

இரைச்சலும் ரீங்காரமும்

பதிவில் மட்டும் சீறல் மிகுந்திருந்தால், பதிவுத் தலை நிலையாகக் காந்தமேறியிருக்கலாம். தலையைக் காந்தநீக்கம் செய்த சில நாட்களில் சீறல் திரும்பினால், பதிவுப் பெருக்கிக்கும் தலைக்கும் இடையே உள்ள இணைப்பு மின்தேக்கி கசிந்து நேர்மின்னோட்டத்தை அனுப்புகிறதா என ஆராய வேண்டும். 1960களின் செருமேனியம் டிரான்சிஸ்டர்களும் வயது முதிரும்போது இரைச்சல் எழுப்புவதுண்டு.

100 ஹெர்ட்ஸ் ரீங்காரம், முழு அலைத் திருத்தி உள்ள கருவியில், மின்வழங்கியின் வடிகட்டி மின்தேக்கிகள் வலுவிழந்ததைக் காட்டுகிறது. 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பெரும்பாலும் புவித்தொடுப்புக் குறைபாட்டாலோ, மின்மாற்றியின் காந்தப்புலம் தலையை அடைவதாலோ ஏற்படுகிறது.

வேகப் பிழை

அழுத்துருளையின் ரப்பர் இறுகுதல், பட்டை தளர்தல், உராய்வெண்ணெய் கெட்டியாதல் ஆகியவற்றால் வேகம் தள்ளாடும். நீண்டு ஒலிக்கும் தம்புராவின் சுருதியில் இத்தள்ளாட்டம் உடனே புலப்படும்.

60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அமைந்த ஒத்தியங்கு மின்னோடி, இந்தியாவின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் மட்டுமே சுழலும். மின்னழுத்தத்தை மாற்றித் தரும் மின்மாற்றி இதனைத் திருத்தாது. அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட இத்தகைய கருவியில் பதிந்த நாடா, அதே கருவியில் சரியாக ஒலிக்கும். சரியான வேகமுள்ள கருவியில் 20 விழுக்காடு விரைவாக ஓடும். ஒரு கட்டைச் சுருதியில் பாடிய பாடகரின் குரல் இரண்டரைக் கட்டைக்கும் சற்று மேலே கேட்கும். இக்காரணத்தை அறியாமல் எண்மப்படுத்தினால், அக்கலைஞர் பாடாத ஒரு சுருதி வரலாற்றில் பதிவாகிவிடும்.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரச் சூழல்

திருவள்ளூர் மாவட்டம் 1997இல் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. இதன் கிழக்கே வங்காள விரிகுடாவும் பழவேற்காடு ஏரியும் உள்ளன. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திர எல்லைக்கு அருகில் கும்மிடிப்பூண்டி அமைந்துள்ளது. இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் எஃகு உருக்காலைகளும் உருட்டாலைகளும் இயங்குகின்றன. கடலோர வெப்பமும் கனரகத் தொழிலும் ஒருசேர அமைந்த இத்தகைய வட்டாரத்தில் பழைய நாடாக் கருவியை ஆராயும்போது நான்கு சூழற் காரணிகளைக் கருத வேண்டும்.

* ஈரப்பதம்: சென்னையை ஒட்டிய கடலோரத்தில் சராசரி ஒப்பு ஈரப்பதம் ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் 60 முதல் 80 விழுக்காடு வரை இருக்கும். உப்புக் காற்றும் சேர்வதால் ஆளித் தொடுகைகளும் இணைப்பிகளும் விரைவில் அரிக்கப்படுகின்றன. ஒருமுறை துப்புரவு செய்த ஆளி, பயன்படுத்தாமல் வைத்திருந்தால் மீண்டும் பழுதாகும்.
* வெப்பம்: மின்பகு மின்தேக்கிகளின் உள்நீர்மம் வெப்பத்தில் விரைவாக உலர்கிறது. அறை வெப்பநிலை 40 பாகை செல்சியசை நெருங்கும் கோடையில் மூடிய மரப்பெட்டிக் கருவியின் உள்வெப்பம் இன்னும் கூடும்.
* மின்வழங்கல்: தூண்டல் உலைகளும் உருட்டாலை மின்னோடிகளும் மின்சுமையை அடிக்கடி மாற்றுவதால், அதே மின்தடத்தில் உள்ள பிற இணைப்புகளில் மின்னழுத்தம் ஏறி இறங்கலாம். பதிவின்போது விட்டுவிட்டு ஒலியளவு மாறினால், கருவியைத் திறப்பதற்கு முன் மின்னழுத்தத்தை அளந்து பார்ப்பது நன்று. மின்தடையின்போது சதுர அலை இன்வெர்ட்டரில் இயக்கப்படும் கருவியில் கேட்கும் உறுமல், கருவியின் பழுதாகாமல் இன்வெர்ட்டரின் அலைவடிவால் ஏற்பட்டதாக இருக்கலாம்.
* தூசு: எஃகைச் சூடாக்கி உருட்டும்போது உதிரும் ஆக்சைடுச் செதில் காந்தத்தால் ஈர்க்கப்படுவது. இத்தகைய தூசு காற்றில் உள்ள இடங்களில், காந்தமேறிய தலையிலும் வழிகாட்டித் தண்டுகளிலும் அது ஒட்டிக்கொள்ளும். பயன்படுத்தாதபோது கருவியை மூடிவைப்பதும் காந்தநீக்கம் செய்வதும் இங்கு கூடுதல் தேவையாகின்றன.

ஒட்டும் நாடா

1970களின் நடுப்பகுதியிலிருந்து 1980கள் வரை தயாரான சில நாடாக்களில், காந்தத் துகள்களைப் பிணைக்கும் பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தை ஈர்த்துச் சிதைகிறது. ஆம்பெக்ஸ் 406, 456 ஆகியவை இதற்குப் பெயர்பெற்றவை. இத்தகைய நாடா ஓடும்போது கீச்சிடும். பழுப்புநிறப் பிசினைத் தலையில் படியவிடும். சில வேளை ஓட்டம் நின்றுவிடும். மங்கல், வேகத் தள்ளாட்டம், ஒலி விட்டுப்போதல் ஆகிய மூன்றும் ஒருங்கே தோன்றுவதால் கருவி பழுதானது எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. வேறு நல்ல நாடாவை ஓட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

இத்தகைய நாடாவை வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட அடுப்பில் ஏறத்தாழ 54 பாகை செல்சியசில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ சூடாக்கினால் சிறிது காலத்திற்கு இயங்கும் நிலை திரும்பும். அதற்குள் எண்மப்படுத்திவிட வேண்டும். பழைய அசிட்டேட் நாடாக்களை இவ்வாறு சூடாக்கக் கூடாது. சுருளை விளக்கொளிக்கு எதிரே பிடித்தால் அசிட்டேட் நாடா ஒளியைக் கசியவிடும். பாலியெஸ்டர் நாடா ஒளியை மறைக்கும். சிதையத் தொடங்கிய அசிட்டேட் நாடாவில் வினிகர் மணம் வீசும்.

சீர்செய்யும் வரிசை

எளியதும் தீங்கற்றதுமான பணியில் தொடங்கி, திரும்பப் பெற இயலாத மாற்றத்தை இறுதியில் செய்வது நன்று.

1. தலைகள், வழிகாட்டிகள், கேப்ஸ்டன் ஆகியவற்றை ஐசோபுரோப்பைல் ஆல்ககாலில் நனைத்த பஞ்சால் துடைத்தல். ரப்பர் உருளைக்கு மிதமான சோப்பு நீர் போதுமானது.
2. காந்தநீக்கம் செய்தல். கருவியை அணைத்து, நாடாக்களை அப்பால் வைத்த பின்னரே இதனைச் செய்ய வேண்டும். காந்தநீக்கியைத் தலையிலிருந்து மெதுவாக விலக்கி, கையெட்டும் தொலைவுக்குக் கொண்டுசென்ற பின்னரே அதனை அணைக்க வேண்டும். தலைக்கு அருகிலேயே அணைத்தால் தலை முன்னைவிட மிகுதியாகக் காந்தமேறும்.
3. நாடாவின் ஓட்டத்தையும் வேகத்தையும் சீராக்குதல்.
4. ஆளித் தொடுகைகளைத் துப்புரவு செய்தல்.
5. மின்வழங்கியின் மின்னழுத்தங்களை அளந்து, பழுதான மின்தேக்கிகளை மாற்றுதல்.
6. அலையியற்றியின் வெளியீட்டை ஆசிலாஸ்கோப்பில் காணுதல். சாதாரண மல்டிமீட்டர் இவ்வளவு உயர் அதிர்வெண்ணைச் சரியாக அளக்காது.
7. தலைச் சாய்வு, பயாஸ், சமன்படுத்தல் ஆகியவற்றை இவ்வரிசையிலேயே, முதலில் மீட்புக்கும் பின்னர் பதிவுக்கும் அமைத்தல். திருகுகளைத் தொடுமுன் அவற்றின் பழைய நிலையைக் குறித்துவைக்க வேண்டும்.

தலையின் சுருள் அறுந்துள்ளதா என அறிய மல்டிமீட்டரின் மின்தடை அளவீட்டைப் பயன்படுத்தினால், அதன் நேர்மின்னோட்டம் தலையைக் காந்தமேற்றும். அளக்க நேர்ந்தால் பின்னர் கட்டாயம் காந்தநீக்கம் செய்ய வேண்டும்.

பாதுகாப்பு

வால்வுக் கருவிகளில் 250 வோல்ட் அளவிலான நேர்மின்னழுத்தம் உண்டு. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதனை மின்தடை வழியே வெளியேற்றிய பின்னரே உள்ளே கைவைக்க வேண்டும். பல ஆண்டுகள் கிடப்பில் இருந்த கருவியை நேரடியாக 230 வோல்ட்டில் இணைக்காமல், வேரியாக் எனப்படும் மாறு மின்மாற்றி வழியாக மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்துவது வழக்கம். கருவியின் பின்புறமுள்ள மின்னழுத்தத் தேர்வி 110 வோல்ட்டில் இருக்கிறதா என்பதையும் முன்னதாகவே பார்க்க வேண்டும்.

முக்கியத்துவம்

யுனெஸ்கோவின் அனைவருக்கும் தகவல் திட்டம், ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கத்துடன் இணைந்து 2019இல் காந்த நாடா எச்சரிக்கைத் திட்டத்தை அறிவித்தது. நல்ல நிலையில் உள்ள கருவிகளும் உதிரிப் பாகங்களும் மறைந்து வருவதை இத்திட்டம் சுட்டிக்காட்டியது. பெரும்பாலான காப்பகங்கள் எண்மப்படுத்தலை 2025ஆம் ஆண்டுக்குள் முடிக்கத் திட்டமிட்டிருந்ததால், அதன் பின்னர் சிறு அமைப்புகளிடமும் தனியாரிடமும் உள்ள நாடாக்களைக் கேட்பது மேலும் கடினமாகும் என அது எச்சரித்தது.

இன்று பெரும்பாலும் பழைய நாடாவைக் கேட்கவே இக்கருவிகள் தேவைப்படுகின்றன. ஆயினும் பதிவுக் குறைபாடுகளை அறிந்திருப்பது இதற்கும் இன்றியமையாதது. நாடாவில் உள்ள வேகப் பிழையையும் தலைச் சாய்வையும் அறிந்து ஈடுசெய்தால் எண்மப்படி மூல ஒலியை நெருங்கும். அழியாத முன்பதிவின் மீது பதிந்த ஒலியையும் அதனடியில் மறைந்துள்ள பழைய ஒலியையும் அடையாளம் காணவும் இவ்வறிவு வேண்டும். எண்மப்படுத்திய பின்னரும் மூல நாடாவைக் காப்பது நன்று. ஏனெனில், கருவியின் பிழை பின்னர் தெரியவந்தால் திரும்பச் செல்வதற்கு அந்நாடா ஒன்றே எஞ்சியிருக்கும்.

இவற்றையும் பார்க்க

* காந்த நாடா
* ஒலிப்பேழை
* அலையியற்றி
* கும்மிடிப்பூண்டி